ஆஃப் என்றால் ஆஃப்

எங்கள் புது வீட்டு ஹாலில் முதல் பல்பு எரிந்தபோது எல்லாரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். சுவிட்சை அணைத்தபோதுதான் என் கைதட்டல் நின்றது. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு அது. அணைத்த பிறகும் முழுசாக அணையவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால், உள்ளுக்குள் மங்கலாக மினுக்கிக்கொண்டே இருந்தது.

"எல்.இ.டி.ன்னா அப்படித்தான் அண்ணி. புது மாடலு," என்றார் வயரிங் செய்தவர். அவர் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. விருத்தாசலத்தில் அவர் கை படாத தெரு இல்லை. பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு ஒரே நாளில் மூன்று சைட் பார்க்கிற ஆள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்.

என் நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே போனார். மாதா படம் வைப்பதற்காக ஹால் சுவரில் ஒரு மாடம் விட்டிருந்தோம். அதிலிருந்த சின்ன விளக்கும் அதே மாதிரி அணைத்த பிறகு மினுக்கியது. அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "பாத்தியா, மாதாவே விளக்க அணைய வுடல. ஆசீர்வாதமான வூடு," என்றார். அதோடு விட்டாரா, பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினார். அவர்களும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி கையோடு செபமாலை கொண்டுவந்திருந்தாள்.

எனக்கும் மாதாவின் மேல் நிறைய விசுவாசம் உண்டு. ஆனால் அந்த விளக்கை மினுக்க வைத்தது மாதா அல்ல, இடம் மாறிப்போன நியூட்ரல் வயர் என்று எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது செராமிக் யூனிட்டில் வேலை பார்த்திருப்பார்கள். நான் பதினெட்டு வருஷம் ஃப்யூஸ் கட்டை பார்த்தவள். சூளையிலிருந்து வெந்து வருகிற வெள்ளைப் பீங்கான் கட்டைகளை இரண்டு இரண்டாக எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. நல்ல கட்டை டிங் என்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் டொக் என்று காட்டிக்கொடுத்துவிடும். டொக் என்றால் உடைத்துப் போட்டுவிட வேண்டும், இரக்கமே பார்க்கக் கூடாது. அந்தக் காதோடு சேர்ந்து வாயும் எனக்கு அப்படியே அமைந்துவிட்டது. எது டொக் என்றாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

பிறகு யூனிட்டில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவருக்கு ஆள் தேவைப்பட்டபோது நானே போய் நின்றேன். சேலைக்கு மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று வருஷம் அந்த வேலை பார்த்தேன். நாற்பத்திரண்டாவது வயதில் வயர்மேன் ஹெல்ப்பர் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணினேன். அந்தச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு வைத்திருக்கிறேன். கல்யாண போட்டோவுக்குக் கூட ஃப்ரேம் போடவில்லை.

அப்படியிருக்க என் வீட்டு வயரிங்கை நானே ஏன் செய்யவில்லை? "சொந்தத்துல ஒருத்தன் இருக்கும்போது நீ ஏணியில ஏறினா நல்லாவா இருக்கும்?" என்று குடும்பத்தில் கேட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. ஒன்றுகூட நல்லதில் முடிந்ததில்லை.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை விட்டுவிட்டால், ஒரு மினுக்குக்காக நான் ஏன் அவ்வளவு ஆட்டம் ஆடினேன் என்று யாருக்கும் புரியாது.

அப்பா சேத்தியாத்தோப்பில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். மாவை வீசி விசிறியடிக்கிறதைப் பார்க்கவே பஸ்ஸிலிருந்து ஆள் இறங்குவார்கள். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன் மேல் தகரக் கிளிப்பில் வயர் ஓடும். கூடத்துக்கு ஒரே ஒரு குண்டு பல்பு. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம் அந்தப் பல்பு போய்விட்டது. அப்பா நாற்காலியில் ஏறி நின்று, "பாப்பா, ஆஃபா?" என்று கேட்டார். நான் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, "ஆஃப்ப்பா," என்றேன்.

சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பா ஹோல்டரில் விரல் வைத்ததும் தூக்கியெறியப்பட்டார். நாற்காலியோடு விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கியது. உயிர் பிழைத்தார், அதற்கே கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினோம். ஆனால் மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கை அதற்குப் பிறகு மாவை வீசவில்லை. அதே ஓட்டலில் இலை போட்டு, தண்ணீர் வைத்து, சப்ளையராகவே காலத்தைத் தள்ளினார்.

அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நான் சுவிட்சைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். போகப் போக நானே அப்படி நம்ப ஆரம்பித்துவிட்டேன். முப்பது வருஷம் கழித்து, யூனிட்டில் ஒரு பழைய ஷெட்டுக்கு வயரிங் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வீட்டு விளக்குக்கு இரண்டு வயர். பேஸ் கரண்டைக் கொண்டுவருகிறது, நியூட்ரல் அதைத் திருப்பி எடுத்துப்போகிறது. சுவிட்சைப் பேஸில் வைத்தால், அணைத்ததும் கரண்ட் சுவிட்சோடு நின்றுவிடும். நியூட்ரலில் வைத்தாலும் பல்பு அணையும், பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கரண்ட் ஹோல்டர் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த ஷெட்டில் சுவிட்ச் ஆஃபில் இருக்க, ஹோல்டரில் வைத்த என் டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். கூட வேலை பார்த்தவர் ஷாக் அடித்துவிட்டதாக நினைத்து ஓடிவந்தார்.

அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அப்பாவிடம் சொன்னேன். "அத வுடு பாப்பா," என்றார். ஆனால் அவர் விடவில்லை. அந்தச் சாயங்காலத்திலிருந்து அவர் எந்தப் பல்பையும் தொட்டதில்லை. பல்பு போனால் தெருவில் போகிற யாரையாவது கூப்பிடுவார். யாரும் வராவிட்டால் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். டார்ச் லைட்டுக்குப் பேட்டரி மாற்றுவதற்கே ஒரு தடவை யோசிப்பார். எங்கள் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட அன்று அவரிடம் சொல்லியிருந்தேன்: "என் வூட்டுல ஆஃப்னா ஆஃப்தாம்பா." அவர் சிரித்துக்கொண்டார்.

இப்போது அதே வீட்டில் ஆஃப் மினுக்கிக்கொண்டிருந்தது.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவிட்ச் அணைந்திருக்கும்போதே பல்பைக் கழற்றி, ஹோல்டரில் டெஸ்டரை வைத்தேன். சிவப்பு. மாடத்து விளக்கிலும் வைத்தேன். சிவப்பு. படுக்கையறையிலும் சிவப்பு. கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பேஸுக்குப் போடுற சிவப்பு ரோலு தீந்துபோச்சு அண்ணி, எல்லாத்துக்கும் கறுப்பே இழுத்தேன். அதுல எங்கயோ மாறியிருக்கும். கலர் எதுவா இருந்தா என்னா, கரண்டுக்குக் கண்ணா இருக்குது?"

"கரண்டுக்குக் கண்ணு இல்லாததாலதான் தம்பி நமக்கு இருக்கணும்," என்றேன்.

சொந்தக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தர் சிரித்துவிட்டார். கொழுந்தனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஃப்யூஸு கட்டைய தட்டிப் பாக்குறது வேற, வயரிங் வேற அண்ணி. அவ்வளோ தெரிஞ்சா நீங்களே போட்டுக்குங்க."

ஏணியைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். புது வீட்டைச் செபித்து ஆசீர்வதிக்கிற மந்திரிப்புக்கு இன்னும் ஒன்பது நாள். பங்குச் சாமியார் வருவதாக ஒத்துக்கொண்டு, பத்திரிகை அடித்து, பாதி பேருக்குக் கொடுத்தும் முடிந்திருந்தது.

வீட்டில் பழி முழுக்க என் தலையில் விழுந்தது. நாத்தனார் ஒரு பக்கம், "மாதா ஏத்துன விளக்குல போயி டெஸ்டர வெச்சியே," என்றார். நான் ஊரில் வேறு இரண்டு எலக்ட்ரீஷியன்களைக் கேட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, ஒருத்தர் கை வைத்த சைட்டில் இன்னொருத்தர் கை வைக்க மாட்டார்கள். "அவரு வந்து சொல்லட்டும்க்கா, அப்புறம் பாக்குறேன்," என்று இரண்டு பேரும் நழுவிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் ரயில்வேயில், தண்டவாளம் பிரிகிற இடத்தில் வண்டியைத் திருப்பிவிடுகிற பாயின்ட்ஸ்மேன். பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறவர், அவசரப்பட்டு வாயைத் திறக்க மாட்டார்.

"ஏங்க, நானே போடட்டுமா?" என்றேன்.

"நீ போடுவன்னு அவன் ஏணிய கட்டும்போதே தெரியும்," என்றார்.

முதலில் எங்கள் யூனிட்டில் வேலைக்கு வந்துபோகிற, லைசென்ஸ் வைத்திருக்கிற மின் கான்ட்ராக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்கு நிரந்தர இணைப்பு. "செய்ம்மா. ஆனா எனக்கு டவுட்டு வந்தா மொத்தத்தையும் பிரிக்கச் சொல்லுவேன்," என்றார். அது போதும் எனக்கு. ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன்.

கூரையில் இருந்த வட்ட டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கொழுந்தன் போட்டது ஜங்ஷன் பாக்ஸ் முறை. மெயினிலிருந்து வருகிற வயர், சுவிட்சுக்கு இறங்குகிற வயர், விளக்குக்குப் போகிற வயர் எல்லாம் அந்த டப்பாவுக்குள் வந்து முறுக்கி, டேப் சுற்றிக் கிடக்கும். முறை ஒன்றும் தப்பில்லை. ஒழுங்காகச் செய்தால் வயரும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் எட்டு கறுப்பு வயர் ஒரே டப்பாவில் ஒன்றோடு ஒன்று கட்டிப்பிடித்துக் கிடந்தால், அதில் எது பேஸ், எது நியூட்ரல் என்று அதைப் போட்டவருக்கே தெரியாது. விருத்தாசலம் ஜங்ஷனில் பெயர்ப்பலகையை எல்லாம் எடுத்துவிட்டு, எந்தப் பிளாட்பாரத்தில் எந்த வண்டி என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

நான் லூப் முறையில் போட முடிவு பண்ணினேன். சுவிட்ச் போர்டுதான் தலைமை. பேஸ் நேராகப் போர்டுக்கு வந்து, ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த சுவிட்சுக்கு வளையம் வளையமாகத் தாவும். நியூட்ரலும் போர்டில் ஒரு பீங்கான் கனெக்டருக்கு வரும். அந்தக் கனெக்டர் எங்கள் யூனிட்டில் வெந்தது, நானே தட்டிப் பார்த்து எடுத்தது. அங்கிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டே வயர், சுவிட்சைத் தாண்டி வருகிற சிவப்பு ஒன்று, நேராகப் போகிற கறுப்பு ஒன்று. நடுவில் எங்கேயும் முடிச்சு கிடையாது. எந்த இணைப்பாக இருந்தாலும் ஸ்க்ரூவுக்குக் கீழே, ஸ்டூல் இல்லாமல் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

இதற்கு வயர் நிறைய இழுக்கும். பைப்பும் நெருக்கியடிக்கும். கான்கிரீட்டுக்குள் புதைந்த பைப்பில் மூன்றாவது வளைவில் வயர் அடம் பிடித்து நின்றுவிட்டது. வயர் இழுக்கிற ஸ்பிரிங்கை விட்டு இழுத்துப் பார்த்தேன், தண்ணி காட்டியது. கடைசியில் யூனிட்டில் மண்ணோடு கலக்கிற சோப்புக்கல் பவுடர் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிவந்து, வயர் முழுக்கப் பூசி இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது பாருங்கள், நான் பின்னால் போய்ச் சுவரில் மோதிக்கொண்டேன். தலையிலிருந்து கால் வரை வெள்ளை. ஹாலில் தனியாக நின்று சிரித்தேன்.

ஆறாவது நாள் கீழ்வீடு முழுக்க முடிந்தது. ஹால் பல்பைப் போட்டு அணைத்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. டெஸ்டர் வைத்தேன், அதுவும் ஊமையாக இருந்தது. மாடத்து விளக்கும் அணைந்தது. நாத்தனார் வந்து எட்டிப் பார்த்தார். "மாதா கோவிச்சுக்கப் போறாங்க," என்றார். "அவங்களும் தூங்கணும் இல்ல," என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு போனார், சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது மாடிப்படி விளக்கு. அதுதான் என்னை மண்டியிட வைத்தது.

மாடிப்படிக்கு ஒரே விளக்கு, இரண்டு சுவிட்ச். கீழே போட்டு மேலே போய் அணைக்க வேண்டும், மேலே போட்டுக் கீழே வந்து அணைக்க வேண்டும். டூ வே சுவிட்ச் என்பார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்க்ரூ. யூனிட்டில் எல்லாம் நேர் சுவிட்ச்தான், இதை நான் தேர்வுக்குப் படம் வரைந்ததோடு சரி. மாட்டிவிட்டுப் போட்டேன். எரிந்தது. மேலே போய் அணைத்தேன். அணைந்தது. துள்ளிக் குதித்துக் கீழே வந்து போட்டேன். எரியவில்லை. எத்தனை தடவை தட்டினாலும் எரியவில்லை. மறுபடி மேலே போய்ச் சுவிட்சைத் திருப்பினால்தான் கீழே இருக்கிற சுவிட்சுக்கு உயிர் வந்தது. ஏறி ஏறி இறங்கியதில் முட்டி கழன்றுவிட்டது. பிரித்து மாட்டினேன். அதே கதை. கோபத்தில் ஸ்க்ரூ டிரைவரை வீசினேன், அது போய்ச் சுண்ணாம்பு வாளியில் விழுந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாளைக்கு மறுநாள் மந்திரிப்பு. ஃப்யூஸ் கட்டை தட்டுகிறவள் என்று சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததற்காக என் மேலேயே ஆத்திரம் வந்தது.

டியூட்டி முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கொடியோடு அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தார். சுவரில் பென்சிலால் நான் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்தார். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், இரண்டுக்கும் நடுவில் இரண்டு கோடு.

"இது என்னா, நம்ம யார்டு மாதிரி இருக்குது?"

"விளையாடாதீங்க."

"விளையாடல. இங்க பாரு. சிங்கிள் லைன் வருது. இந்த எடத்துல பாயின்ட்டு. மெயின் லைன், லூப் லைன்னு ரெண்டாப் பிரியுது. அந்தாண்ட இன்னொரு பாயின்ட்டு, ரெண்டும் சேந்து மறுபடி சிங்கிள் லைன். ரெண்டு பாயின்ட்டும் ஒரே லைனுக்குத் திரும்பியிருந்தா வண்டி போவும். ஒண்ணு மெயினுக்கும் ஒண்ணு லூப்புக்கும் இருந்தா வண்டி நிக்கும். எந்தப் பக்கத்துப் பாயின்ட்ட மாத்துனாலும் நிக்குற வண்டி போவும், போற வண்டி நிக்கும். அதான உனக்கு வேணும்?"

அதேதான். முழுக்க முழுக்க அதேதான். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"அப்ப சிங்கிள் லைன் எந்த ஸ்க்ரூ?" என்றார்.

"நடு ஸ்க்ரூ."

"மேல நீ நடுவுல என்னாத்த மாட்டியிருக்க?"

ஓடினேன். மேல் சுவிட்சைக் கழற்றினேன். விளக்குக்குப் போகிற வயர் ஓரத்து ஸ்க்ரூவில் இருந்தது. கீழேயிருந்து வருகிற இரண்டு வயரில் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது. சிங்கிள் லைன் இருக்க வேண்டிய இடத்தில் லூப் லைனைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். பிரித்து மாட்டும்போதும் அதே தப்பைக் கண்ணும் கருத்துமாகத் திரும்பச் செய்திருக்கிறேன். மாற்றி மாட்டி, மெயின் சுவிட்சைத் தூக்கினேன்.

அவர் கீழே, நான் மேலே. அவர் போட்டார், எரிந்தது. நான் அணைத்தேன். அவர் போட்டார். நான் அணைத்தேன். கல்யாணம் ஆகி இருபத்தி நாலு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் அப்படி விளையாடியதில்லை. கடைசியில் அவர் பச்சைக் கொடியை விரித்து ஆட்டினார். நான் படியில் ரயில் மாதிரி கூவிக்கொண்டே இறங்கினேன். தெருவில் போனவர் நின்று பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கான்ட்ராக்டர் வந்தார். மீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகச் சோதித்தார். எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு ஹோல்டராக டெஸ்டர் வைத்தார். பிறகு கூரை டப்பாக்களைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் துழாவினார்.

"முடிச்சு எங்கம்மா?"

"இல்ல சார்."

"இந்த டப்பாவுல?"

"எதுலயும் இல்ல சார்."

இன்னும் இரண்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு இறங்கினார். "பிரிக்கச் சொல்றதுக்கு எனக்கு ஒண்ணுமே வெக்கலியே," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். அதில் பெரிதாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை, ஆனாலும் படித்தேன்.

மந்திரிப்பு அன்று சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. சாமியார் ஒவ்வொரு அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். மாடிப்படிக்கு வந்ததும் நான் கீழ்ச் சுவிட்சைப் போட்டேன், அவர் ஏறினார். கூட்டத்தில் கொழுந்தனும் இருந்தார். கோபம் எவ்வளவு இருந்தாலும் சொந்தம் வராமல் இருக்க முடியாதே. சாமியார் இறங்கிப் போனதும் அவர் படியில் ஏறுவதையும், மேல் சுவிட்சை அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டுப் பார்ப்பதையும் நான் ஓரக் கண்ணால் பார்த்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். போர்டு போர்டாகப் போனார். அரைமணி நேரம் கழித்துப் பந்தி நடக்கிற இடத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் சொன்னார்:

"அண்ணி, நான் போட்டது தப்பு. உங்க லைன் சுத்தமா இருக்குது."

எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது. "சாப்புடுங்க தம்பி," என்றேன். என் வாழ்க்கையில் வாய் தானாக மூடிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

அப்போதுதான் அப்பா கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பல்பு. மற்றவர்கள் சுவர்க் கடிகாரமும் குடமும் கொண்டுவந்த இடத்தில் என் அப்பா ஒரு எல்.இ.டி. பல்பு கொண்டுவந்திருந்தார்.

"மாடிப்படியில இத போடணும் பாப்பா."

"குடுங்கப்பா, நான் மாட்டுறேன்."

"நான் போடுறேன்," என்றார்.

சுற்றி இருந்தவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. "இருங்கப்பா, மெயின இறக்கிட்டு வரேன்," என்று ஓடப் போனேன். அப்படித்தான் செய்ய வேண்டும். வேறு யாராக இருந்தாலும் மெயினை இறக்காமல் விட்டிருக்க மாட்டேன், திட்டியும் இருப்பேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "வேணாம். சுவிட்ச்சு போதும்."

படியின் திருப்பத்தில் ஸ்டூல் போட்டோம். கொழுந்தன் ஓடிவந்து ஸ்டூலின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்பா ஏறி நின்றார். விளக்கு அவர் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. நான் கீழே இறங்கிப் போய்ச் சுவிட்சில் விரல் வைத்து, தட்டினேன். விளக்கு அணைந்தது. ஒரு மினுக்கு இல்லை. ஜன்னல் வழியாகச் சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் மட்டும் வந்தது.

மேலேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"பாப்பா, ஆஃபா?"

ஒன்பது வயதில் கேட்ட அதே குரல். ஹோல்டரை நான் எத்தனையோ தடவை சோதித்துவிட்டேன், கான்ட்ராக்டர் சோதித்துவிட்டார், கொழுந்தன் போர்டு போர்டாகப் பார்த்துவிட்டார். இருந்தும் விரலுக்கு அடியில் இருக்கிற சுவிட்சை இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"ஆஃப்ப்பா."

அவர் யோசிக்கவில்லை. கோணல் மணிக்கட்டோடு இருக்கிற அந்த வலது கையையே நீட்டினார். சூடாக இருந்த பல்பைக் கழற்றி இடது கைக்கு மாற்றிக்கொண்டு, புதுசை மெல்ல உள்ளே வைத்து, அழுத்தித் திருகினார். அதன் பிறகும் கையை எடுக்காமல் ஹோல்டரை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டே நின்றார். இறங்கி, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, மேல் படிக்குப் போய்த் தானே சுவிட்சைப் போட்டார்.

விளக்கு எரிந்தது. அணைத்தார். போட்டார். கீழே இறங்கிவந்து என்னைத் தள்ளிவிட்டு அந்தச் சுவிட்சையும் அணைத்துப் போட்டார். மறுபடி மேலே ஏறினார். "சோறு ஆறுதுப்பா," என்று நாலு தடவை கூப்பிட்டுவிட்டேன். "இருடி," என்றார்.